வகுத்தால் தடை, பெருக்கினால் திறன்

பாத்ரூம் சுவரில் மாட்டியிருக்கும் கீசரின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். கம்பெனி பெயர், சீரியல் நம்பர் இவற்றுக்கு நடுவே இரண்டு எண்கள் இருக்கும்: 230 வோல்ட், 2000 வாட். வாங்கிய அன்றுகூட அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் கீசரைத் திறக்காமலே அதற்குள் என்ன நடக்கிறது என்று அந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லிவிடலாம். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 வரும். கீசர் ஓடும்போது 8.7 ஆம்பியர் மின்னோட்டம் அதன் வழியே போகிறது. இனி 230-ஐ அந்த 8.7-ஆல் வகுத்தால் 26.4. உள்ளே இருக்கும் கம்பிச்சுருளின் மின்தடை 26.4 ஓம்.

அவ்வளவுதான் கணக்கு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் மின்திறன். நான்காம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். பத்தாம் வகுப்பில் இதை ஒரு முக்கோணத்துக்குள் மூன்று எழுத்துகளாக எழுதிக் கொடுத்து, ஒன்றை விரலால் மறைத்துக்கொண்டு மற்ற இரண்டைப் பார் என்று சொல்லித் தருகிறார்கள். மதிப்பெண் வாங்க அது போதும். ஆனால் இதில் வியப்புக்குரிய பகுதி எதுவோ அதை அந்த முக்கோணம் மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். எந்தப் பொருளை எடுத்து மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தாலும் ஏதோ ஒரு விடை வரத்தான் செய்யும். அந்த விடை அடுத்த நிமிடமும் அதுவாகவே இருக்குமா, அழுத்தத்தைக் கூட்டினாலும் அதுவாகவே இருக்குமா என்பதுதான் கேள்வி. உலோகக் கம்பியில், சூடு மாறாதவரை, அது மாறாது. அழுத்தம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். வகுத்த விடை அசையாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் வெந்நீரையும் பனிக்கட்டியையும் வைத்துக்கொண்டு பாடுபட்டிருக்கிறார்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். அப்பா பூட்டுத் தொழிலாளி. பெரிய படிப்பு இல்லாதவர். தானே படித்துத் தேறிய கணிதத்தையும் அறிவியலையும் மகன்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1817-இல் ஓம் கொலோன் நகரப் பள்ளி ஒன்றில் கணித, இயற்பியல் ஆசிரியரானார். அந்தப் பள்ளியில் நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. பட்டறையில் வளர்ந்த பிள்ளை என்பதால் தனக்கு வேண்டிய கருவிகளை ஓம் தானே செய்துகொண்டார். ஒரு கம்பியின் நீளம் கூடக் கூட அதில் போகும் மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று அளப்பதுதான் அவர் நோக்கம்.

1825-இல் முதல்முறை அளந்தபோது தவறான சூத்திரம்தான் கிடைத்தது. குற்றம் கணக்கில் இல்லை, பேட்டரியில். அந்தக் காலத்து வோல்டா அடுக்கு, மின்னோட்டம் போகப் போகத் தளர்ந்துவிடும். முதல் கம்பியை அளக்கும்போது இருந்த அழுத்தம் ஐந்தாவது கம்பிக்கு வரும்போது இருக்காது. அழுத்தமே நிலையில்லாமல் ஆடும்போது எதை எதனால் வகுப்பது? ஓமின் கட்டுரை வெளியான ஆய்விதழின் ஆசிரியர் பொகெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: பேட்டரியை விட்டுவிட்டு வெப்ப மின்னிணையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெவ்வேறு உலோகங்களை இணைத்து, ஒரு சந்திப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் சுற்றில் மின்சாரம் ஓடும் என்பதை சீபெக் 1821-இல் கண்டிருந்தார்.

ஓம் ஒரு பிஸ்மத் பட்டையின் இரு முனைகளிலும் செம்பைப் பொருத்தினார். ஒரு முனையைக் கொதிக்கும் நீரின் சூட்டிலும் மறுமுனையை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீர் நூறு டிகிரியை விட்டு நகராது. உருகும் பனி பூஜ்யத்தை விட்டு நகராது. தண்ணீரின் இந்தப் பிடிவாதமே அவருக்கு அசையாத மின்னழுத்தத்தைத் தந்தது. மிகச் சிறிய அழுத்தம்தான், ஆனால் மணிக்கணக்கில் மாறாதது. மின்னோட்டத்தை அளக்க, கம்பிக்கு மேலே மெல்லிய உலோக இழையில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். ஓட்டம் வந்ததும் ஊசி விலகும். இழையைத் திருகி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். எவ்வளவு திருகினோமோ அதுவே மின்னோட்டத்தின் அளவு.

ஒரே பருமனுள்ள எட்டுச் செம்புக் கம்பிகள். மிகக் குட்டையானது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். 1826 ஜனவரியில் ஒவ்வொன்றாக மாட்டி அளந்தார். 2 அங்குலக் கம்பிக்குத் திருகலின் அளவு ஏறக்குறைய 327. 130 அங்குலக் கம்பிக்கு 48 சொச்சம். கம்பி 65 மடங்கு நீண்டிருக்கிறது. ஓட்டமோ ஏழில் ஒரு பங்காகத்தான் இறங்கியிருக்கிறது. இது பொருந்தவில்லையே என்று தோன்றும். ஓமின் மேதைமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. மின்னோட்டம் அந்தக் கம்பி வழியே மட்டும் போகவில்லை. பிஸ்மத் பட்டை, இணைப்புகள் என்று சுற்று முழுவதையும் கடந்து வருகிறது. அந்த மிச்சப் பகுதி எவ்வளவு தடுக்கிறது? அதையும் கம்பி நீளமாகவே கணக்கிட்டார்: 20¼ அங்குலம். இப்போது பாருங்கள். 2-உடன் 20¼-ஐக் கூட்டினால் 22¼. 130-உடன் கூட்டினால் 150¼. இரண்டுக்கும் விகிதம் ஆறே முக்கால். 327-க்கும் 48-க்கும் உள்ள விகிதமும் அதேதான். எட்டுக் கம்பிகளும் அந்த ஒரே சூத்திரத்துக்குள் வந்து அமர்ந்தன.

மின்தடைக்கு அப்போது அலகு கிடையாது. ஆகவே உலகின் முதல் ஓம் விதியில் தடையின் அளவு அங்குலங்களில் இருந்தது.

1827-இல் இதை முழுக் கணிதக் கோட்பாடாக விரித்து பெர்லினில் புத்தகமாக வெளியிட்டார். வரவேற்பு இல்லை. பல்கலைக்கழக வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர் கொலோன் வேலையையும் விட்டுவிட்டு, பல வருடம் சில்லறைப் பாட வேலைகளில் காலம் தள்ளினார். 1833-இல்தான் நியூரம்பெர்கில் நிலையான இடம் கிடைத்தது. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்த பிறகே சொந்த நாட்டிலும் மதிப்பு கூடியது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பரிசோதனை இயற்பியல் பேராசிரியர் பதவி 1852-இல் வந்தது, 1854-இல் இறந்துவிட்டார். தடையின் அலகுக்கு அவர் பெயரை 1881-இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு ஏற்றுக்கொண்டது. அதே மாநாட்டில்தான் வோல்ட்டும் ஆம்பியரும் உறுதியாயின.

அந்த அலகை எதை வைத்து நிலைநிறுத்துவது என்பது தனிக் கதை. 1893-இல் எடுத்த முடிவின்படி, உருகும் பனியின் குளிரில், ஏறக்குறைய ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் 106.3 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பாதரசத் தம்பத்தின் தடையே ஒரு ஓம். ஓமின் அங்குலக் கம்பி பாதரசமாக மாறியதே தவிர, அளவு இன்னும் ஒரு பொருளின் நீளத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 1911-இல் லைடனில் காமர்லிங் ஓன்னஸ் அதே பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தபோது அதன் தடை ஒரேயடியாகக் காணாமல் போயிற்று. ஓட்டம் உண்டு, அழுத்தம் பூஜ்யம், வகுத்த விடையும் பூஜ்யம். 1980-இல் கிளாஸ் வான் கிளிட்சிங் கடுங்குளிரிலும் வலிமையான காந்தப்புலத்திலும் வைத்த மெல்லிய எலக்ட்ரான் அடுக்கில் வேறொரு அதிசயத்தைப் பார்த்தார். மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளந்த தடை, சாய்வாக ஏறாமல் படிப்படியாக ஏறியது. அந்தப் படிகள் 25,812.807 ஓம் என்ற எண்ணும், அதில் இரண்டில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற எண்களும்தான். பொருள் எதுவானாலும், யார் செய்தாலும், எந்த நாட்டில் செய்தாலும் அதே எண். 1985-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அந்த எண்ணை வைத்துத்தான் இன்று ஆய்வகங்களில் ஓமை நிலைநிறுத்துகிறார்கள்.

சரி, வீட்டுக் கம்பிக்குத் திரும்புவோம். தடை என்று எதைச் சொல்கிறோம்? செம்புக் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. மின்னழுத்தம் அவற்றை ஒரு பக்கம் உந்துகிறது. கம்பியின் அணுக்களோ ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. எலக்ட்ரான்கள் அவற்றில் மோதி, பெற்ற வேகத்தை இழந்து, மறுபடி உந்தப்பட்டு, மறுபடி மோதி நகர்கின்றன. அந்த மோதல்தான் தடை. மோதலில் இழந்த ஆற்றல்தான் சூடு. இப்படி முட்டி மோதி நகரும் வேகம் எவ்வளவு தெரியுமா? கீசருக்குப் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 8.7 ஆம்பியர் ஓடும்போது, எலக்ட்ரான் கூட்டம் நகர்வது விநாடிக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். நத்தைகூட இதைவிட வேகம். அதுவும் நம் வீட்டுக்கு வருவது விநாடிக்கு 100 தடவை திசை மாறும் மின்சாரம். ஆகவே எந்த எலக்ட்ரானும் எங்கேயும் போய்ச் சேருவதில்லை. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. அந்த ஊசலின் முழு வீச்சு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, தலைமுடிப் பருமனில் முப்பதில் ஒன்று. மின்வாரியத்துக்கு நாம் பணம் கட்டுவது எலக்ட்ரான்களுக்காக இல்லை. அவை வீடு கட்டியபோது வாங்கிய வயரிலேயே இருந்தவை. அவற்றை அசைத்துக்கொடுப்பதற்கான கூலிதான் கரண்ட் பில்.

உலோகம் சூடானால் அணுக்களின் அதிர்வு கூடும், மோதலும் கூடும், தடை ஏறும். இதைக் கண்கூடாகக் காட்டுவது பழைய குண்டு பல்பு. 60 வாட் பல்பு எரியும்போது அதன் வழியே 0.26 ஆம்பியர் போகிறது. 230-ஐ அதால் வகுத்தால் 880 ஓமுக்கு மேல். அதே பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்துப் பாருங்கள். 60, 70 ஓம்தான் காட்டும். மீட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம். இரண்டு எண்களும் சரி. 2,500 டிகிரியை ஒட்டிக் கனலும் டங்ஸ்டன் இழைக்கும் குளிர்ந்த இழைக்கும் இவ்வளவு வித்தியாசம். சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால், மூன்றரை ஆம்பியர் வரை பாய்ந்துவிட்டுப் பிறகு இறங்குகிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே பளிச்சென்று மின்னி ஃபியூஸ் போனதற்கு இதுதான் காரணம். அயர்ன் பாக்ஸில் இப்படி நடக்காது. அதில் இருப்பது நிக்ரோம், சூட்டுக்குத் தடை அதிகம் மாறாத கலப்பு உலோகம். 1000 வாட் அயர்ன் பாக்ஸின் பிளக்கைக் கழற்றிவிட்டு, சூட்டுக் குமிழைத் திருப்பிவைத்து, பின்களுக்கு இடையே அளந்தால் 53 ஓமை ஒட்டியே காட்டும். வகுத்துப் பார்த்தாலும் அதுதான் வரும்.

இனி பெருக்கல். ஓம் மின்தடையைச் சொன்னார். தடையில் பிறக்கும் சூட்டை எண்ணால் பிடித்தவர் ஜேம்ஸ் ஜூல். மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் தொழில் நடத்திய குடும்பத்துப் பையன். 1840-இல், இருபத்திரண்டு வயது நிரம்பும் தறுவாயில், தண்ணீர் நிரம்பிய ஜாடிக்குள் கம்பிச்சுருளை வைத்து மின்னோட்டம் செலுத்தி, தெர்மாமீட்டரில் நீரின் சூடு ஏறுவதைக் குறித்தார். ஓட்டம் இரட்டித்தால் சூடும் இரட்டிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நான்கு மடங்கு ஏறியது. மும்மடங்கானால் ஒன்பது. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. ஓம் விதியோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: ஒரே கம்பியில் ஓட்டம் இரட்டிக்க வேண்டுமானால் அழுத்தமும் இரட்டித்தாக வேண்டும், இரண்டையும் பெருக்கினால் நான்கு.

மின்சாரம் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பாதிக் குழப்பத்துக்கு இந்த வர்க்கம்தான் விடை. ஒரு பழைய புதிரை எடுத்துக்கொள்வோம். தடை குறைவாக இருந்தால் சூடு அதிகமா, தடை அதிகமாக இருந்தால் சூடு அதிகமா? ஒரு சூத்திரம் அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கச் சொல்கிறது; இன்னொன்று ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கச் சொல்கிறது. மாணவர்கள் தடுமாறுவது நியாயம்தான். எது மாறாமல் நிற்கிறது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். சுவரிலுள்ள சாக்கெட்டில் நிற்பது 230 வோல்ட். அங்கே நேராக மாட்டும் கருவிகளில் தடை குறைந்ததுதான் அதிகம் சூடாகும். 2000 வாட் கீசரின் தடை 26 ஓம், 60 வாட் பல்பின் தடை 880. ஆனால் கீசருக்குப் போகும் வழியில் உள்ள வயர், சுவிட்ச், பிளக், ஜாயிண்ட் எல்லாவற்றிலும் ஒரே 8.7 ஆம்பியர்தான் போகிறது. அந்த வரிசையில் யாருக்குத் தடை அதிகமோ அவர்தான் அதிகம் சூடாவார்.

லோ வோல்டேஜ் நாள்களில் கீசர் தண்ணீர் சூடாக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமான குறைவு. தடை மாறவில்லை, அதே 26.4. ஓட்டம் 6.8 ஆம்பியர் ஆகிறது. 180-ஐ 6.8-ஆல் பெருக்கினால் 1,225 வாட். 2000 வாட் கீசர் அன்றைக்கு 1,225 வாட் கீசராகிவிட்டது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர 18 நிமிடம் பிடித்தது, இப்போது அரை மணி பிடிக்கும். கீசருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. குளிக்கக் காத்திருப்பவர்களுக்குத்தான் பொறுமை வேண்டும்.

அதே லோ வோல்டேஜ் தோட்டத்து மோட்டாருக்கு எமனாக வருகிறது. காயில் கட்டும் கடைகளுக்குக் கோடைக்காலத்தில் வரும் மோட்டார்களைப் பிரித்தால், வார்னிஷ் கருகிய நெடியும் கறுத்துப்போன செம்புச் சுருளுமாக இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் ஓட்டமும் குறைய வேண்டும், சூடும் குறைய வேண்டும் என்றுதானே ஓம் சொன்னார்? மோட்டாரில் அந்த வகுத்தல் நேராகப் போகாது. நிற்கும் மோட்டாரின் சுருளை மல்டிமீட்டரில் பார்த்தால் சில ஓம்கள்தான் காட்டும். 415 வோல்ட்டை அதால் வகுத்தால் நூறு ஆம்பியர் அளவுக்கு வந்து நிற்கும். ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டாரோ ஏழு எட்டு ஆம்பியர்தான் இழுக்கிறது. சுழலும் காந்தப்புலம் சுருளுக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, வரும் அழுத்தத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. தடையைவிட அந்த எதிர்ப்புதான் மோட்டாரைக் காக்கிறது.

இப்போது வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு விழுகிறது. கிணற்றில் இருந்து ஏற்ற வேண்டிய தண்ணீர் குறையவில்லை. வேலை அதே அளவு, அழுத்தம் குறைவு. ஆகவே மோட்டார் கூடுதல் ஓட்டத்தை இழுத்துக் கணக்கை நேர் செய்கிறது. சுமார் கால் பங்கு கூடுதலாக இழுக்கும். ஜூலின் வர்க்கக் கணக்கில் பார்த்தால் சுருளின் சூடு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். வோல்டேஜ் இன்னும் இறங்கி மோட்டார் சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டு நின்றுவிட்டால், எதிர் அழுத்தம் சரிந்துவிடும். வழக்கமான ஓட்டத்தைப் போல நான்கு மடங்குகூடப் பாயும். நான்கின் வர்க்கம் 16. அத்தனை மடங்கு சூட்டை வார்னிஷ் பூச்சு எத்தனை நிமிடம் தாங்கும்? ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோட் ரிலேயை, அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று சொல்லிச் சிலர் கட்டிவைத்துவிடுகிறார்கள். அந்த ரிலே தடுத்தது அந்த 16 மடங்கைத்தான்.

மின்சாரத்தைத் தூரத்துக்கு அனுப்புவதும் இதே வர்க்கத்தோடு நடக்கும் போராட்டம்தான். அனுப்பும் திறன் அழுத்தமும் ஓட்டமும் பெருக்கிய தொகை. வழியில் கம்பி சூடாகி வீணாவதோ ஓட்டத்தின் வர்க்கம். ஆக அழுத்தத்தை நூறு மடங்கு ஏற்றி ஓட்டத்தை நூறில் ஒன்றாக்கினால், இழப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். 1882-இல் எடிசன் நியூயார்க்கில் 110 வோல்ட்டில் நடத்திய மின்நிலையத்தால் ஒரு மைல் வட்டாரத்தைத் தாண்ட முடியவில்லை. இருபதே ஆண்டில், 1902-இல், காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் முப்பதாயிரம் வோல்ட் அளவில் ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தாண்டிக் கோலார் தங்கவயலைச் சென்றடைந்தது. வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலை செய்த சுரங்கங்கள் அவை. இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் நிலையத்துக்கு வரும் நேர்மின்னோட்டத் தடம் 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. இரண்டு கம்பிகளுக்கு இடையே 16 லட்சம் வோல்ட். திறன் 6,000 மெகாவாட். வகுத்துப் பாருங்கள், 3,750 ஆம்பியர்தான். அதே திறனை வீட்டு மின்னழுத்தமான 230 வோல்ட்டில் அனுப்ப நினைத்தால் இரண்டு கோடியே அறுபது லட்சம் ஆம்பியர் வேண்டும். அதைச் சுமக்கும் கம்பி இந்தப் பூமியில் கிடையாது.

வகுத்தல் உயிரோடு விளையாடும் இடம் ஒன்றும் உண்டு. உலர்ந்த தோலோடு மனித உடலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். நனைந்த கையும் வெறுங்காலுமாக நிற்பவருக்கு அது ஆயிரம் ஓம் வாக்கில் இறங்கிவிடலாம். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். கீசருக்குப் போவதில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். அந்த 60 வாட் குண்டு பல்புக்குப் போவதைவிடக் குறைவு. இதயத்தின் துடிப்பைக் குலைக்க அது தாராளமாகப் போதும். மெயின் போர்டில் ஆர்சிசிபி பொருத்தச் சொல்வது இதனால்தான். போகும் ஓட்டத்துக்கும் திரும்பும் ஓட்டத்துக்கும் 0.03 ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். ஃபியூஸும் எம்சிபியும் வயரைக் காப்பவை. ஆளைக் காப்பது ஆர்சிசிபிதான்.

எம்சிபியால் பிடிக்க முடியாத இன்னொரு ஆபத்து பிளக்கில் இருக்கிறது. கீசருக்குப் போகும் பத்து மீட்டர் வயரில், போக வர இருபது மீட்டருக்கு, தடை சுமார் 0.15 ஓம். அதில் பிறக்கும் சூடு 11 வாட். இருபது மீட்டருக்கும் பரவிவிடுவதால் தொட்டாலும் தெரியாது. ஆனால் சாக்கெட்டுக்குள் ஸ்பிரிங் தளர்ந்து, பின் சரியாகப் பிடிக்காமல், அந்த ஒரு புள்ளியில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்றால்? மொத்தத் தடை 26.4-லிருந்து 26.9 ஆகிறது. ஓட்டம் 8.7-லிருந்து 8.55-க்குக் குறைகிறது. எம்சிபியின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும், சொல்லப்போனால் முன்னைவிடக் குறைவாக. அந்தத் தளர்ந்த புள்ளியிலோ 8.55-இன் வர்க்கம் பெருக்கல் அரை, சுமார் 37 வாட் சூடு. ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்குவதற்கு வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். சூட்டில் பித்தளை கறுத்து ஆக்சைடு படியும், ஆக்சைடால் தடை இன்னும் ஏறும், சூடும் ஏறும். கடைசியில் பிளாஸ்டிக் இளகும், சில வீடுகளில் தீயும் பிடிக்கும்.

ஆகவே இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். கீசரோ, ஏசியோ, இண்டக்ஷன் அடுப்போ அரை மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கின் பிளாஸ்டிக் உடலைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ, ஆறிய பின் கழற்றிப் பார்த்ததில் பின் கறுத்தோ சாக்கெட்டின் துளை பழுப்பேறியோ தெரிந்தாலோ, அந்தச் சாக்கெட்டையும் பிளக்கையும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றும்வரை அதில் எதையும் மாட்டாதீர்கள்.